தெய்வம் வந்து சொன்னால்: ஓர் ஆட்ட நூலும் நம் காப்பியங்களும்

ஒரு பிள்ளைக்கு ‘நீ யார்’ என்பதை யார் சொல்ல வேண்டும்? எப்போது சொல்ல வேண்டும்? எதற்காகச் சொல்ல வேண்டும்? மூன்றும் பழைய கேள்விகள். கர்ணனுக்கு இவை வந்தன, சீவகனுக்கும் வந்தன. மாநிலம் கடந்து வாழும் நம் ஒவ்வொரு வீட்டிலும் இவை வேறு வேறு உருவத்தில் இருந்துகொண்டே இருக்கின்றன. இந்த மூன்றையும் அடித்தளமாக வைத்து அமெரிக்காவில் ஒரு விளையாட்டையே எழுதியிருக்கிறார்கள். அந்த நூலைப் பற்றிய ஆய்வுரை இது. மலர்க் குழுவினர் என்னிடம் சீவக சிந்தாமணி பற்றித்தான் கட்டுரை கேட்டார்கள். அங்கேதான் வந்து சேரப் போகிறேன். நுழைகிற வாசல் மட்டும் வேறு.

என் பேரனும் அவன் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிற ஆட்டம் என்பதால் நூல் வீட்டுக்கு வந்தது. வியாபாரியின் கைக்கு ஒரு பொருள் வந்தால் எடை போட்டுப் பார்க்காமல் விடமாட்டான். நானும் அப்படியே போட்டுப் பார்த்தேன். எடையில் சிலது கூடியிருக்கிறது, சிலது குறைகிறது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டத்தின் அமைப்பு

இது கணினியில் ஆடுவது அல்ல. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, வாயால் கதை சொல்லி ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். செயல் பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்கு முன்னோடி. நம் ஊர்க் கூத்தில் வேஷம் கட்டியவன் கதைப்போக்கை மாற்ற முடியாது; இதில் மாற்றலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் படித்த ஆட்டத்தின் பெயர் ‘சையன்’. வழித்தோன்றல், குலக்கொழுந்து என்று பொருள் கொள்ளலாம். ஒயிட் உல்ஃப் என்ற நிறுவனம் 2007-லும் 2008-லும் இதை மூன்று நூல்களாக வெளியிட்டது. முதல் நூல் வீரன், இரண்டாவது பாதித் தெய்வம், மூன்றாவது முழுத் தெய்வம். திருத்தி எழுதிய இரண்டாம் பதிப்பை ஆனிக்ஸ் பாத் என்ற நிறுவனம் 2019-ல் கொண்டுவந்தது.

கதைக்களம் இன்றைய உலகம். கிரேக்கர், எகிப்தியர், வடபுல ஐரோப்பியர், ஜப்பானியர் முதலானோரின் பழைய தெய்வங்கள் எல்லாம் உண்மையில் இருக்கின்றன. அவர்களுக்கும் மூத்த டைட்டன்கள் என்னும் பெரும் சக்திகள் சிறையுடைத்து வெளியே வந்துவிட்டன. மேலே போர். தெய்வங்கள் பூமியில் நெடுநாள் தங்க முடியாது. தங்கினால் விதி அவர்களை மனிதரோடு கட்டிப்போட்டுவிடும். ஆகவே பூமியில் வேலை பார்க்க ஆள் தேவை. அந்த ஆட்கள், தெய்வங்களுக்கு மனிதரிடம் பிறந்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கோ தாங்கள் யார் என்பது தெரியாது. ஒருவன் கடையில் வேலை பார்க்கிறான், ஒருத்தி மருத்துவமனையில் இருக்கிறாள். ஒரு நாள் தந்தையோ தாயோ ஆன தெய்வம் நேரே வந்தோ தூது அனுப்பியோ உண்மையைச் சொல்கிறது. இதற்கு நூலில் ‘வருகை’ என்று பெயர். வருகையோடு சில பொருள்களும் கைமாறுகின்றன: ஓர் ஆயுதம், ஒரு வாகனம், வழிகாட்ட ஒருவர், ஏவலுக்குச் சிலர். இவற்றுக்குப் ‘பிறப்புரிமை’ என்று பெயர். அன்றிலிருந்து அவன் இரத்தம் விழித்துக்கொள்கிறது.

இரண்டாம் பதிப்பின் வீரர் நூலில் பத்துத் தெய்வக் குலங்கள் உண்டு. இந்திய தேவர்கள் அதில் ஒன்று. ஆகவே நம் பிள்ளைகள் இந்திரன் மகனாகவும் சூரியன் மகளாகவும் ஆடலாம், ஆடுகிறார்கள்.

கூடியிருக்கும் எடை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். இந்த நூலாசிரியர்கள் மேம்போக்காகப் பெயர்களை அள்ளிப் போடவில்லை. தெய்வப் பிறப்பு மட்டும் ஒருவனைப் பெரியவனாக்காது, அவன் செய்கிற செயலும் அதை ஊர் பேசுகிற பேச்சும் சேர்ந்துதான் அவனை உயர்த்தும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். ‘புகழ்’ என்ற ஓர் அளவு உண்டு. முதல் பதிப்பில் அது இரண்டில் தொடங்கிப் பன்னிரண்டு வரை போகிறது. வீரனாக இருந்தவன் தெய்வமாவது அந்த ஏணியில்தான். புகழ் ஏற ஏற, அவனைச் சுற்றியிருப்பவர்கள் அவன் கதைக்குள் கட்டுண்டு போகிறார்கள். காதலி என்றால் காதலியாகவே, பகைவன் என்றால் பகைவனாகவே. ஒருவன் உயர்வதற்கு அக்கம்பக்கத்தார் விலை கொடுக்கிறார்கள் என்பதை ஆட்ட விதியாகவே எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒன்றோடொன்று மோதுகிற இரண்டு பண்புகளைக் கொடுத்திருக்கிறார்கள். கிரேக்கருக்குத் தன்முனைப்பும் உறவுப் பற்றும். இந்திய தேவர்களுக்குக் கடமையும் மனச்சாட்சியும். கீதையைத் தெருக்கூத்தில் கேட்ட பாட்டிக்கும் இந்த மோதல் புரியும். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

குறைகிற எடை

இப்போது வருகைக்கு வருவோம். அந்தத் தெய்வத் தகப்பன் ஏன் வருகிறான்? போர் வந்துவிட்டது, ஆள் வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வரவில்லை, பள்ளிக்கட்டணம் கட்ட வழியில்லாதபோது வரவில்லை. தனக்குத் தேவை வந்தபோது வருகிறான். ‘நீ என் மகன்’ என்பதும் ‘நீ எனக்காகப் போரிட வேண்டும்’ என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. இதை வருகை என்பதா, ஆள் பிடித்தல் என்பதா?

இது ஆட்ட நூலாசிரியர்களின் கற்பனை மட்டும் அல்ல. பழைய கதைகளிலேயே இந்த முள் இருக்கிறது. நாலு கதையைப் பார்க்கலாம்.

கிரேக்கத்தில் ஃபேத்தன் கதை. தகப்பன் சூரியன் என்று தாய் சொல்லித் தெரியும். உடன் பிள்ளைகள் நம்பாமல் கேலி செய்கிறார்கள். அவன் சூரியன் மாளிகைக்கே போய்ச் சான்று கேட்கிறான். ‘எது வேண்டுமானாலும் கேள்’ என்று தகப்பன் ஆணையிட்டுவிடுகிறான். பையன் ஒரு நாள் தேரை ஓட்டக் கேட்கிறான். ஆணையை மீற முடியவில்லை. தேர் தறிகெட்டு ஓடிப் பூமி எரிகிறது. இறைவன் இடியை எறிகிறான். பையன் ஆற்றில் விழுந்து சாகிறான். வளர்க்காத தகப்பன் குற்ற உணர்ச்சியில் கொடுக்கிற பெரிய பரிசு பிள்ளையைக் கொல்லும் என்பதுதான் அந்தக் கதை.

அயர்லாந்தில் கூ ஹுலின் கதை. நாட்டின் ஆடவர்கள் சாபத்தால் படுத்துக் கிடக்க, அவன் ஒருவனாக எல்லை காக்கிறான். உடம்பெல்லாம் காயம். அப்போது லூ என்ற தெய்வம் வந்து, ‘நான் உன் தகப்பன்’ என்று சொல்லி, மூன்று நாள் அவனைத் தூங்கவைத்து, காயத்துக்கு மருந்திட்டுக் காவல் நிற்கிறது. நாலு கதைகளில் தெய்வம் பிள்ளையை எழுப்பாமல் தூங்கவைப்பது இது ஒன்றில்தான்; அதனாலேயே இது எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. ஆனால் அந்த மூன்று நாளில் அவனுக்குப் பதிலாகப் போருக்குப் போன சிறுவர் படை முழுக்க மடிந்துபோகிறது. பரிசுக்கு விலை வேறு யாரோ கொடுத்தார்கள்.

மூன்றாவது நம் கர்ணன். சூரியன் அவன் கனவில் வந்து, கவச குண்டலத்தை இந்திரனுக்குக் கொடுத்துவிடாதே என்று எச்சரிக்கிறான். தேவரகசியம் ஒன்று இருக்கிறது, இப்போது சொல்லமாட்டேன் என்கிறான். வருகிறான், எச்சரிக்கிறான், ‘நான் உன் தகப்பன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிடுகிறான்! போர் உறுதியான பிறகு கண்ணன் சொல்கிறான். பிறகு கங்கைக்கரைக்குக் குந்தி வருகிறாள். அவள் சொல்வது உண்மை என்று வானத்திலிருந்து சூரியனின் குரலும் கேட்கிறது. ஆட்ட நூலின் வருகைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது. ஆனால் கர்ணன் என்ன செய்தான்? மறுத்துவிட்டான். அதிரதன் மடியில் தூக்கி வளர்த்தான், ராதை பால் கொடுத்தாள், அந்தக் கடன் பெரிது என்றான். அருச்சுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்லமாட்டேன் என்ற வாக்கை மட்டும் குந்திக்குக் கொடுத்து அனுப்பினான்.

நாலாவது தருமபுத்திரன். வனவாச முடிவில், பொய்கைக் கரையில் தம்பிமார் நால்வரும் செத்துக் கிடக்கிறார்கள். யட்சன் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னபின் ஒருவனை மட்டும் எழுப்பலாம் என்கிறான். வீமனையும் அருச்சுனனையும் விட்டு நகுலனைக் கேட்கிறான் தருமன். குந்திக்கு மகனாக நான் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு மகன் இருக்கட்டும் என்பது அவன் கணக்கு. அதற்குப் பிறகுதான் யட்சன், ‘நான் தருமதேவதை, உன் தந்தை’ என்று தன்னைக் காட்டுகிறான். அதாவது பிள்ளை தன் நியாயத்தைத் தானே காட்டிய பின்பே தகப்பன் முகம் காட்டுகிறான்.

இந்த நாலில் ஆட்ட நூல் எதைப் பின்பற்றுகிறது? பெரும்பாலும் முதலாவதை. வருகை, பரிசு, பிறகு சோதனை. தருமன் கதையின் ஒழுங்கு தலைகீழ்: சோதனை, விடை, பிறகு வருகை. கர்ணன் கதையோ ஆட்டத்துக்குள் அடங்காது. வருகையை மறுத்தவனுக்கு அங்கே ஆடுவதற்கு ஒன்றுமில்லை. ஆட்டமே வருகையில்தானே தொடங்குகிறது. முதல் பதிப்பின் பாத்திரத் தாளை எடுத்துப் பாருங்கள். மேலே குலத்தின் பெயர் எழுத இடம், பெற்ற தெய்வத்தின் பெயர் எழுத இடம். ராதையின் பெயர் எழுத இடமில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் பதிப்பில் இந்தக் குறையைப் பாதி தீர்த்திருக்கிறார்கள். வருகைக்கு முந்தைய வாழ்க்கைக்கென்றே ‘தோற்றம்’ என்று தனி நூல். எங்கே பிறந்து எப்படி வளர்ந்தான் என்பது பாத்திரத்தின் மூன்று வழிகளில் முதல் வழி. பெற்றவர் தெய்வமாக இருந்தே ஆக வேண்டும் என்பதும் போய்விட்டது. பிறந்தவர், தேர்ந்தெடுக்கப்பட்டவர், படைக்கப்பட்டவர், அவதரித்தவர் என்று நாலு வகை. பன்னிரண்டு ஆண்டில் நூல் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் நாலு வகையிலும் விளக்கை ஏற்றுவது மேலிருந்து வருகிற கைதான்.

சமணக் கண்

இங்கே நான் யார் என்று சொல்லிவிடுவது நல்லது. நான் மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ்ச் சமணன். எங்களை ஊரில் நயினார் என்பார்கள். ஜைனர் என்று சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் ‘குஜராத்தியா, மார்வாடியா’ என்று கேட்பார்கள். நம் தமிழர்களும் அதையேதான் கேட்கிறார்கள். பரவாயில்லை. இந்த ஆட்டத்தை நான் வேறு கோணத்தில் பார்ப்பதற்கு என் மரபுதான் காரணம்.

சமண நூல்களில் தேவர்கள் உண்டு, கோடிக்கணக்கில் உண்டு. ஆனால் அவர்கள் நல்வினை செய்து அந்தப் பிறவியைப் பெற்றவர்கள். அது தீர்ந்தால் இறங்க வேண்டியவர்கள். வீடுபேற்றுக்கு அவர்களும் மனிதப் பிறவிதான் எடுத்தாக வேண்டும். மனிதரிடம் பிள்ளை பெறுவது அவர்கள் வேலை இல்லை. 783-ல் ஜினசேனர் முடித்த அரிவம்ச புராணத்தில் பாண்டவர் ஐவரும் பாண்டுவின் பிள்ளைகள்தான். கர்ணனும் பாண்டுவுக்கும் குந்திக்கும் திருமணத்துக்கு முன் பிறந்தவன். சூரியனுக்கு அதில் பங்கில்லை. எங்கள் இராமாயணங்களில் அனுமன் பவனஞ்சயன் என்ற வித்தியாதரனுக்கும் அஞ்சனைக்கும் பிறந்தவன். காற்று பெயரில் மட்டும் இருக்கிறது. பிறப்பிலிருந்து தெய்வத்தை எங்கள் ஆசிரியர்கள் வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். பெருமையும் சிறுமையும் அவனவன் வினையிலிருந்து வர வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

அப்படியானால் தேவர் மனிதரை விழிக்கவைப்பதே இல்லையா? உண்டு. ஆதிநாதர் அரசராக வீற்றிருந்த காலத்தில் இந்திரன் நீலாஞ்சனை என்ற ஆடல் மகளை அவர் அவைக்கு அனுப்புகிறான். அவள் ஆயுள் அந்த ஆட்டத்தின் நடுவிலேயே முடிகிறது. சபை கலங்கக் கூடாது என்று இந்திரன் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே போல் இன்னொருத்தியை நிறுத்திவிடுகிறான். யாரும் கவனிக்கவில்லை. ஆதிநாதர் கவனித்துவிட்டார். அன்றே துறவு. இந்திரன் ‘நீ என்னுடையவன்’ என்று சொல்லவில்லை, ஆயுதம் கொடுக்கவில்லை. கண்ணுள்ளவன் பார்க்கட்டும் என்று ஒரு காட்சியை வைத்தான். அவ்வளவே.

இப்போது சீவகன். ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தனை அமைச்சன் கட்டியங்காரன் கொன்று நாட்டைப் பிடிக்கிறான். நிறைமாத விசயை மயிற்பொறியில் தப்பி, சுடுகாட்டில் பிள்ளை பெறுகிறாள். இறந்த குழந்தையைப் புதைக்க வந்த வணிகன் கந்துக்கடன் அந்தப் பிள்ளையை எடுத்துப் போய் வளர்க்கிறான். ஒரு தெய்வம் அங்கே வருகிறது. தோழி சண்பகமாலையின் உருவில் வந்து தாய்க்குத் துணை நிற்கிறது. ‘வருகை’ பிள்ளைக்கு அல்ல, தனித்து நின்ற தாய்க்கு!

சீவகனுக்கு அவன் பிறப்பைச் சொல்வது அச்சணந்தி என்ற ஆசிரியர். எப்போது சொல்கிறார்? எல்லாக் கலையும் கற்பித்து முடித்த பிறகு. எதைக் கொடுத்துச் சொல்கிறார்? ஆயுதம் கொடுக்கவில்லை, ஒரு வாக்குறுதி வாங்குகிறார். ஓராண்டு வரை கட்டியங்காரன் மேல் போகக் கூடாது. உண்மையைச் சொன்ன கையோடு பொறுமையையும் கேட்கிற ஆசிரியரை வேறு எந்த நாட்டுக் கதையிலும் நான் கண்டதில்லை. ஆட்ட நூலில் ‘வழிகாட்டி’ என்பது பிறப்புரிமைப் பொருள்களில் ஒன்று, வாளோடும் வாகனத்தோடும் சேர்த்து எண்ணப்படுவது. சிந்தாமணியில் வழிகாட்டிதான் முதல்; மற்றதெல்லாம் பிறகு.

சீவகனுக்குத் தெய்வ உதவியும் உண்டு. சுதஞ்சணன் என்ற தேவன் அவனைக் காக்கிறான், மந்திரம் கற்பிக்கிறான். அவன் யார்? முற்பிறவியில் ஒரு நாய். அந்தணர் சோற்றைத் தொட்டதற்காக அடிபட்டுச் சாகும்போது சீவகன் அதன் காதில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அந்த நாய் தேவனாகி நன்றிக் கடன் தீர்க்க வருகிறது. ஆட்ட நூலில் தெய்வம் மனிதனுக்குத் தகப்பன். இங்கே தெய்வம் மனிதனுக்குக் கடன்காரன். எந்த உறவு நம் பிள்ளைகளை நல்லவர்களாக்கும் என்று கேட்டால், நான் இரண்டாவதற்குத்தான் கை தூக்குவேன்.

கடைசி விழிப்பும் அப்படித்தான். ஆண் குரங்கு பெண் குரங்குக்குப் பலாப்பழம் கொடுக்கிறது. தோட்டக்காவலன் விரட்டிப் பறித்துக்கொள்கிறான். அதைப் பார்த்து, அரசு கைமாறுவதும் இப்படித்தானே என்று சீவகன் துறக்கிறான். தெய்வம் எதுவும் அங்கே பேசவில்லை.

நம் வீட்டு வருகை

இதையெல்லாம் இந்த மலரில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாமும் நம் பிள்ளைகளுக்கு ‘வருகை’ தருகிறவர்கள்தான். பத்துப் பதினைந்து வயது வரை வீட்டில் இந்தியும் இங்கிலீஷும் பேசுவோம். பள்ளியில் தமிழ் இல்லை என்று விட்டுவிடுவோம். பிறகு ஒரு நாள், பொங்கல் விழாவுக்குக் கோலாட்டம் ஆட ஆள் வேண்டும்போதோ, கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போதோ திடீரென்று எதிரே நின்று, ‘நீ தமிழன், இரண்டாயிரம் வருஷப் பரம்பரை’ என்று அறிவிப்போம். கையில் ஒரு பட்டு வேட்டியையும் திருக்குறள் புத்தகத்தையும் கொடுப்போம். பிள்ளை முழிக்கிறது. முழிக்காமல் என்ன செய்யும்? கங்கைக்கரைக்குக் குந்தி வந்த நேரம் அது.

அந்தப் பிள்ளை ‘எனக்கு இந்த ஊர்தான் ஊர், இந்தப் பாஷைதான் பாஷை’ என்று சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. கர்ணனை நினைத்துக்கொள்ள வேண்டும். வளர்த்த மண்ணுக்குக் கடன் உண்டு என்று சொல்கிற பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. அதிரதனும் ராதையும் யார் என்று கேட்டால், நம் பிள்ளைகளுக்கு அது இந்த ஊரும் இங்கே சோறு போட்ட அக்கம்பக்கத்தாரும்தான்.

அச்சணந்தி வழி மெதுவான வழி. ஆதிபுராணத்தில் ஆதிநாதர் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும், இன்னொரு மகள் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்ததாகச் சொல்லியிருக்கிறது. அவர் அரசர், நாட்டில் வேலை கொஞ்சமா இருந்திருக்கும்? பிறரை ஏவவில்லை, தாமே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். நாம் கடையை மூடிவிட்டு வந்து இரவு அரைமணி நேரம் அப்படி உட்கார முடியாதா?

ஆட்டத்தை வீட்டில் தடுக்க வேண்டுமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நான் தடுக்கமாட்டேன். நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூன்று மணி நேரம் கதை பேசுவது இந்தக் காலத்தில் அரிது. ஆனால் பேரனிடம் ஒரு யோசனை சொன்னேன். அடுத்த முறை நீ கதையை நடத்தும்போது, தெய்வம் வராத ஒரு பாத்திரத்தை வைத்துப் பார். அவனை ஒரு வணிகன் வளர்க்கட்டும். உண்மையை ஓர் ஆசிரியர் சொல்லட்டும், ஓராண்டு பொறு என்று கேட்கட்டும். அந்த ஓராண்டு அவன் என்ன செய்கிறான் என்பதை ஆடிப் பாருங்கள் என்றேன். “அதுல சண்டையே இருக்காதே தாத்தா” என்றான். சண்டை உள்ளே இருக்கும், ஆடிப் பாருங்கடா என்றேன். அதற்காக இப்போது என்னிடம் சிந்தாமணிக் கதையை ஞாயிறுதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாமகள் இலம்பகம் முடிந்து, கோவிந்தையார் இலம்பகம் நடக்கிறது.